கம்பெனிக்கு எதிராக ஒரு பதிவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனத்தோடு தகராறு வந்துவிட்டால், "இதை அப்படியே எழுதிப் போட்டுடவா?" என்பதுதான் இப்போது பலருக்கும் முதலில் தோன்றுகிறது. புகார் எழுத உதவி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. ஒரே ஒரு ஆள் பதிவு போட்டா பெரிய கம்பெனி அசையுமா? உண்மையைச் சொல்லுங்க.

அசையும். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பணம் திரும்ப வரணும், பழுதான பொருளை மாற்றித் தரணும் என்றால் ஒரு பதிவே பல நேரம் காரியத்தை முடித்துவிடும். அந்த நிறுவனம் எல்லாரையும் நடத்தும் விதமே மாறணும் என்றால் ஒரு பதிவு அநேகமாகப் போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் பிறகு சோர்ந்துபோகிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க இந்த வேறுபாடு வந்துகொண்டே இருக்கும்.

எல்லாரும் காட்டும் உதாரணம் டேவ் கரோல் என்ற கனடா இசைக்கலைஞர். 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் போனபோது சிகாகோவில் சாமான் ஏற்றுகிறவர்கள் கிட்டார்களைத் தூக்கி எறிந்ததைப் பயணிகள் பார்த்தார்கள். அவருடைய கிட்டார் உடைந்து, சரிசெய்ய 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லி நிறுவனம் மாதக்கணக்கில் கையை விரித்தது. 2009 ஜூலையில் அந்தக் கதையைப் பாட்டாக்கி யூடியூபில் போட்டார், சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். அப்புறம்தான் நிறுவனம் இழப்பீடு தருகிறோம் என்று வந்தது. அவர் வேண்டாம் என்றதால் 3,000 டாலரை ஒரு ஜாஸ் இசைப் பள்ளிக்குக் கொடுத்தது.

இந்தக் கதையோடு "அந்தப் பாட்டால் கம்பெனியின் பங்கு மதிப்பில் 18 கோடி டாலர் போச்சு" என்றும் ஒன்று சுற்றுகிறது. அதை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். பொருளாதார நெருக்கடியின் நடுவில் இருந்த காலம் அது, விமான நிறுவனப் பங்குகள் எப்படியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பாட்டுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிறுவனத்துக்கு வலித்தது உண்மை, ஆனால் வலித்தது பேரில்தான்.

2. இதெல்லாம் சோஷியல் மீடியா வந்த பிறகுதானா? அதுக்கு முன்னாடி தனி ஆள் ஒண்ணும் பண்ணலையா?

பண்ணினார்கள். 2001இல் ஜோனா பெரெட்டி என்ற மாணவர், பின்னாளில் பஸ்ஃபீடைத் தொடங்கியவர், நைக்கி நிறுவனம் காலணியில் விரும்பிய சொல்லைப் பொறித்துத் தரும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, தொழிலாளரைப் பிழிந்தெடுக்கும் ஆலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பொறித்துத் தரச் சொன்னார். நிறுவனம் மறுத்தது, அவர் மடக்கிக் கேட்டார், அது சாக்குச் சொன்னது. அந்த மின்னஞ்சல் உரையாடலைச் சில நண்பர்களுக்கு அனுப்பினார், கை மாறி மாறி உலகம் முழுக்கப் போய்விட்டது. 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தன் வலைப்பதிவில் டெல் கணினியையும் அதன் சேவையையும் போட்டுத் தாக்கியபோது, அதே அவதியில் இருந்தவர்கள் பின்னூட்டத்தில் வந்து குவிந்தார்கள். அடுத்த ஆண்டே டெல் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கி வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது.

அப்போது இது அதிர்ஷ்டம் இருந்தவர்களுக்குத்தான் நடந்தது. அதற்கும் முன்னால் புகார் என்றால் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே போகும் கடிதம், மூன்றாவது ஆள் பார்க்க வழியில்லை. சமூக ஊடகம் செய்த பெரிய மாற்றம் அந்த மூன்றாவது ஆளை உள்ளே கொண்டுவந்ததுதான். நீங்கள் கம்பெனியோடு பேசுகிறீர்கள், அதை இன்னும் வாங்காத ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கம்பெனி பதில் சொல்வதும் பாதி அவருக்காகத்தான்.

3. கால் சென்டர்ல மூணு மாசமா நடக்காதது ட்வீட் போட்டா மூணு மணி நேரத்துல நடக்குதே, அது எப்படி?

இரண்டும் வேறு வேறு ஆட்கள். தொலைபேசியில் பேசுகிறவர் முன்னால் ஒரு வசனப் பட்டியல் இருக்கும், எவ்வளவு சீக்கிரம் அழைப்பை முடிக்கிறார் என்று அவரை அளக்கிறார்கள், பணம் திருப்பித் தரும் அதிகாரம் அவரிடம் அநேகமாக இருக்காது. சமூக ஊடகத்தில் பதில் சொல்லும் குழுவைப் பல நிறுவனங்கள் விளம்பரத் துறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. அவர்கள் வேலை நிறுவனத்தின் பேரைக் காப்பது, அதனால் விதியைத் தளர்த்தும் அதிகாரமும் கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ற கேபிள், இணைய நிறுவனம் 2008இலேயே ட்விட்டரில் புகார்களைத் தேடிப் பிடித்துப் பதில் சொல்ல ஆள் வைத்தது, பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. பொதுவில் கத்துகிறவருக்கு ஒரு வரிசை, அமைதியாகத் தொலைபேசியில் காத்திருப்பவருக்கு வேறொரு வரிசை. கணக்கே இல்லாத முதியவரும், பேர் வெளியே தெரியக்கூடாத நிலையில் இருப்பவரும் இரண்டாவது வரிசையிலேயே நிற்கிறார்கள். அதே காம்காஸ்டில், ட்விட்டர் குழு வந்து 6 ஆண்டுக்குப் பிறகு, 2014இல் ஒருவர் இணைப்பைத் துண்டிக்கக் கேட்ட அழைப்பின் ஒலிப்பதிவு வெளியானது. ஊழியர் விடாமல் "ஏன், ஏன்" என்று வாதாடுகிறார். கம்பெனி வெட்கப்படுகிறோம் என்று அறிக்கை விட்டது. வெளிவாசல் அழகாகிவிட்டது, உள்ளே தொலைபேசியில் நடந்தது பழையபடியே இருந்தது.

4. எனக்கு நூறு ஃபாலோயர்தான். யார் பார்க்கப்போறாங்க?

நியாயமான சந்தேகம், ஆளைப் பார்த்து மரியாதை என்பது இங்கேயும் உண்டு. ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்ற புகழ்பெற்ற அமெரிக்க வலைப்பதிவர் 2009இல் புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகி அலைந்தார். ட்விட்டரில் தனக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பேர் இருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார், அது எங்களுக்குப் பொருட்டில்லை என்றார்கள். அவர் எழுதிவிட்டார். உடனே மேலதிகாரி அழைத்தார், இயந்திரம் சரியானது. அதே இயந்திரம் நூறு பேர் பின்தொடரும் ஒருவர் வீட்டில் பழுதாகியிருந்தால் இந்த வேகம் இருந்திருக்காது.

ஆனால் பின்தொடர்பவர் எண்ணிக்கை மட்டுமே எல்லாம் இல்லை. 2017 ஏப்ரலில் யுனைடெட் விமானத்திலிருந்து, இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்துப்போன காட்சியை எடுத்தவர்கள் சக பயணிகள். 2018இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில், நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர்கள் இருவரைப் போலீஸ் கைது செய்த வீடியோவைப் பகிர்ந்தவரும் அங்கே இருந்த ஒரு வாடிக்கையாளர்தான். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் புரிகிற அநியாயம் அவற்றில் இருந்தது. விளக்கவே தேவையில்லை.

உங்கள் புகார் அப்படி வீடியோவில் அடங்காது என்றால், உங்களைப் போலவே அவதிப்படுகிறவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்தப் பொருளுக்கான குழு, அந்தத் துறையைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர், கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் அதே பிரச்சினையைச் சொல்லியிருக்கும் பின்னூட்டங்கள். உங்கள் நூறு பேரை விட அங்கே இருக்கும் பத்துப் பேர் பயன்படுவார்கள்.

5. கோபமா எழுதினாதான் பரவுமா?

பரவுவதைக் கேட்டால், ஆமாம். ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் டைம்ஸின் சுமார் 7,000 கட்டுரைகளை எடுத்து எவை அதிகம் பகிரப்பட்டன என்று பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போல ஆளை உசுப்பும் உணர்ச்சிகள் பரவலைக் கூட்டின, சோகம் குறைத்தது. தளங்களும் பின்னூட்டமும் பகிர்வும் குவிகிற பதிவைத்தான் மேலே தூக்குகின்றன. ஆக, எந்த அநியாயம் பெரியது என்று யாரும் அங்கே எடைபோட்டுப் பார்ப்பதில்லை, எது ஆட்களைக் கிளப்புகிறதோ அது மேலே வருகிறது. மெதுவாக, சலிப்பாக நடக்கும் அநியாயங்கள், அதாவது ஒவ்வொரு மாதமும் சின்னத் தொகையைச் சத்தமில்லாமல் பிடிப்பது, ஒப்பந்தத்தின் 14ஆம் பக்கத்தில் உரிமையைப் பறிப்பது, இவையெல்லாம் எவ்வளவு பேரைப் பாதித்தாலும் அடியிலேயே கிடக்கின்றன. தனி மனித எதிர்ப்பைச் சமூக ஊடகம் வளைக்கும் விதங்களில் மோசமானது இதுதான் என்பது என் கருத்து.

அதற்காகத் திட்டித் தீர்க்கச் சொல்லவில்லை. வசவு நிறைந்த பதிவைக் கம்பெனி சுலபமாக ஒதுக்கிவிடும், பார்க்கிறவர்களும் இவர் எப்பவுமே இப்படித்தான் போல என்று நகர்ந்துவிடுவார்கள். வாசிக்கிறவருக்குக் கோபம் வரட்டும். நீங்கள் நிதானமாக இருங்கள்.

6. சரி, அப்போ எப்படித்தான் எழுதணும்?

முதல் வரியில் என்ன நடந்தது என்று வந்துவிடணும். எந்தப் பொருள், எந்தத் தேதி, எவ்வளவு பணம், எத்தனை முறை கேட்டீர்கள், அவர்கள் சொன்ன பதில் என்ன. கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. "நியாயம் வேண்டும்" என்றால் மன்னிக்கவும் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். "பிடித்த தொகையைத் திருப்பித் தாருங்கள்" என்றால் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாகணும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதி தெரியட்டும். ஆனால் ஆர்டர் எண், முகவரி, தொலைபேசி, அட்டை எண் எல்லாவற்றையும் மறையுங்கள். விமானப் பயணச்சீட்டின் பட்டைக்கோட்டை அப்படியே போடுகிறார்கள், அதிலேயே முன்பதிவுக் குறியீடு இருக்கிறது, தெரிந்தவர் அதை வைத்து உங்கள் பயணத்துக்குள் நுழைந்துவிடலாம். தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்வதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள், சில இடங்களில் ஒரு தரப்பின் சம்மதம் போதும், சில இடங்களில் பேசுகிற எல்லாரும் சம்மதிக்கணும். இன்னொன்று, நடந்ததைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்தாதீர்கள். பத்து உண்மையோடு ஒரு பொய் இருந்தால் கம்பெனி அந்த ஒன்றுக்கு மட்டும் மறுப்பு சொல்லி ஆட்டத்தை முடித்துவிடும்.

7. "டிஎம்முக்கு வாங்க"ன்னு சொல்றாங்க. போகலாமா?

டிஎம் என்றால் மற்றவர்கள் பார்க்க முடியாத தனிச் செய்தி. போகலாம், ஆர்டர் விவரங்களைப் பொதுவில் தர முடியாதே. ஆனால் அவர்கள் உங்களைத் தனியே அழைப்பதற்கு அதையும் தாண்டிய காரணம் உண்டு: 2ஆம் கேள்வியில் சொன்ன மூன்றாவது ஆளை வெளியே நிறுத்திவிடலாம். அதனால் போகும்போது "விவரம் அனுப்பிவிட்டேன், என்ன ஆனது என்று இங்கேயே சொல்கிறேன்" என்று பொதுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். பிறகு சொல்லவும் செய்யுங்கள், நல்லபடியாக முடிந்தாலும்.

முதலில், அழைக்கிறது கம்பெனிதானா என்று பாருங்கள். புகார்ப் பதிவுகளைத் தேடி, கம்பெனியின் பேரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு "உதவுகிறோம்" என்று வரும் மோசடிக் கணக்குகள் நிறைய. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் நீலக் குறியைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஆன பிறகு அதை வைத்தும் நம்ப முடியாது. கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் அங்கிருந்து அவர்கள் கணக்குக்கு வாருங்கள். ஓடிபி, கடவுச்சொல், அட்டையின் பின்பக்க எண் கேட்டால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

8. "பணத்தைத் தர்றோம், பதிவை எடுத்துடுங்க"ன்னாங்க. எடுக்கணுமா?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். பணம் உங்களுடையது, வாங்கிக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: தவறு உங்களிடம் மட்டும் நடந்திருந்தால் பதிவு இருந்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், அதைப் பார்த்து அடுத்தவரும் கேட்பார் என்ற கவலை இருக்கிறது. விதியை மாற்றுவதை விட, கேட்கத் தெரிந்த சிலருக்கு மட்டும் விதிவிலக்கு தருவது அவர்களுக்கு மலிவு. அப்படி ஒவ்வொருவராகச் சமாதானமாகும்போது ஒவ்வொருவருக்கும் ஜெயித்த மாதிரி இருக்கும், கம்பெனி பழையபடியே நடந்துகொண்டிருக்கும்.

நான் சொல்லும் வழி, பதிவை நீக்காமல் அதன் கீழேயே "இந்தத் தேதியில் தீர்த்துக் கொடுத்தார்கள்" என்று சேர்ப்பது. கம்பெனிக்கும் அது நியாயம், பின்னால் வருகிறவருக்கும் உதவும். நீக்கினால்தான் பணம் என்று பிடிவாதமாக நின்றால், தேவை அதிகம் என்றால் வாங்கிக்கொண்டு நீக்குங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "இதைப் பற்றி இனி எங்கும் பேசமாட்டேன்" என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் 2016இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வாடிக்கையாளர் எதிர்மறையாக விமர்சிக்கக் கூடாது என்று பொது விற்பனை ஒப்பந்தங்களில் நுழைக்கப்படும் நிபந்தனைகளைச் செல்லாது ஆக்கினார்கள். ஆனால் தகராறுக்குப் பிறகு இரு தரப்பும் பேசிப் போடும் சமரச ஒப்பந்தம் வேறு, அது உங்களைக் கட்டுப்படுத்தலாம்.

9. ஒருத்தர் புகார் எப்போ எல்லாரோட பிரச்சினையா மாறுது?

கேட்கிறவர் "இது எனக்கும் நடக்கும்" என்று உணரும்போது. 2011இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா டெபிட் கார்டைப் பயன்படுத்துவதற்கு மாதம் 5 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. 22 வயதுப் பெண் ஒருவர் சேஞ்ச் டாட் ஆர்க் தளத்தில் ஒரு மனு தொடங்கினார், 3 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள், நவம்பர் தொடக்கத்தில் வங்கி திட்டத்தையே கைவிட்டது. ஒரே தொகை, ஒரே அநியாயம், எல்லாருக்கும் ஒரே நாளில். அதோடு கட்டணம் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஒரு நிறுவனம் வராத பணத்தை விட்டுக்கொடுக்கும், வந்துகொண்டிருக்கும் பணத்தை எளிதில் விடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. 2016இல் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஓவியர் ஒருவர், தன் வடிவமைப்புகளை ஸாரா என்ற ஆடை நிறுவனம் நகலெடுத்து விற்கிறது என்று சொன்னார். உங்கள் புகாரைச் சொல்கிறவர்கள் ஒரு கைப்பிடிப் பேர், எங்கள் தளத்துக்கு மாதம் கோடிக்கணக்கானோர் வருகிறார்கள் என்ற தோரணையில் வக்கீல் பதில் வந்தது. அவர் அந்தப் பதிலையே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். மற்ற ஓவியர்களும் தங்கள் படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆரம்பித்ததும், தாய் நிறுவனம் அந்தப் பொருட்களை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரிப்பதாகச் சொன்னது. தனியாக இருந்தவரை அவர் சொன்னது ஒரு புகார். பலர் சேர்ந்ததும் அது கம்பெனியின் வழக்கம் என்று வெளியே தெரிந்தது. உங்கள் பதிவின் கடைசியில் "உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஹேஷ்டேகை விட பலம் அதிகம்.

10. பாய்காட் ஹேஷ்டேக் எல்லாம் வேலை செய்யுமா?

சில நேரம். மாற்று பக்கத்திலேயே இருந்தால் வேலை செய்யும். 2017 ஜனவரியில் ஊபர் செயலியை நீக்கச் சொல்லி ஒரு ஹேஷ்டேக் ஓடியது, சில நாட்களிலேயே லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் விலகினார்கள் என்று ஊபரே 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் ஆவணத்தில் எழுதியது. போட்டிச் செயலி ஒரு தட்டலில் கிடைத்தது, அதனால் நடந்தது. வீட்டுக்கு ஒரே ஒரு இணைய நிறுவனம்தான் வருகிறது என்றால் எந்த ஹேஷ்டேகும் ஒன்றும் செய்யாது.

பிரெய்டன் கிங் என்ற ஆய்வாளர் புறக்கணிப்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்து சொன்னது, எத்தனை பேர் வாங்குவதை நிறுத்தினார்கள் என்பதை விட, எவ்வளவு ஊடகக் கவனம் கிடைத்தது என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்று. விற்பனை குறையும் முன்பே பேர் கெடுகிறதே என்று பயந்து இறங்கி வருகிறார்கள். ஆகவே "ஒரு ஆள் வாங்காமல் விட்டால் என்ன ஆகிவிடும்" என்று நினைக்காதீர்கள், வெறுமனே வாங்காமல் விட்டுவிட்டு ஏன் விட்டீர்கள் என்று சொல்லாமலும் இருக்காதீர்கள்.

11. என் கமென்டைக் காணோம். டிலீட் பண்ணிட்டாங்களா, மறைச்சுட்டாங்களா?

இரண்டும் நடக்கும். ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பின்னூட்டத்தை மறைத்தால் அது எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், பதில் மட்டும் வராது. உங்கள் நட்புப் பட்டியலில் இல்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லிச் சோதியுங்கள்.

மறைப்பது கம்பெனிக்கே ஆபத்தாகவும் முடியலாம். 2010இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நெஸ்லேயின் பாமாயில் கொள்முதலைக் கண்டித்து வீடியோ வெளியிட்டபோது, பதிப்புரிமை என்று சொல்லி நெஸ்லே அதை யூடியூபிலிருந்து எடுக்க வைத்தது. நெஸ்லே சின்னத்தை மாற்றி வரைந்து முகப்புப் படமாக வைத்திருப்பவர்களின் பின்னூட்டங்களை நீக்குவோம் என்று ஃபேஸ்புக்கில் மிரட்டவும் செய்தது. கூட்டம் பெருத்தது, இரண்டே மாதத்தில் காடழிப்போடு தொடர்புள்ள கொள்முதலை விடுவதாக நெஸ்லே உறுதி சொன்னது. பின்னால் ஒரு பெரிய அமைப்பு நின்றதை மறக்க வேண்டாம். தனி ஆளின் பின்னூட்டத்தை நீக்கினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, அதனால் எழுதியவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

12. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா என்ன பண்றது?

முதலில் பயந்து நீக்கவும் வேண்டாம், வீரம் காட்டி நோட்டீஸையே பகிரவும் வேண்டாம். ஒரு வக்கீலைப் பாருங்கள், பல ஊர்களில் இலவச சட்ட உதவி கிடைக்கிறது. பொதுவாக, ஆதாரம் உள்ள உண்மைக்கும் "எனக்கு இப்படித் தோன்றியது" என்ற கருத்துக்கும் பல நாட்டுச் சட்டங்களில் பாதுகாப்பு உண்டு. ஆனால் உண்மை என்று நிரூபிக்கும் சுமை சில நாடுகளில் எழுதியவர் தலையில்தான் விழும். "என் கைப்பேசி இரண்டு முறை சூடாகி அணைந்தது" என்பது உங்களால் காட்டக்கூடியது. "இவர்கள் திருடர்கள்" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? 6ஆம் கேள்வியில் மிகைப்படுத்த வேண்டாம் என்றது இதற்காகவும்தான்.

பல நோட்டீஸ்களின் நோக்கம் வழக்கில் ஜெயிப்பது இல்லை, செலவைக் காட்டி வாயை மூட வைப்பது. இதற்கு எதிராகச் சில நாடுகளில் தனிச் சட்டங்கள் வந்திருக்கின்றன, ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் ஓர் ஆணை பிறப்பித்தது. தன்னைக் கண்டித்துத் துண்டறிக்கை கொடுத்த இருவர் மீது லண்டனில் மெக்டொனால்ட்ஸ் போட்ட வழக்கு 1997இல்தான் தீர்ப்புக்கு வந்தது. கம்பெனி பெருமளவு ஜெயித்தது, ஆனாலும் அதன் பேர் கெட்டது அந்த வழக்கால்தான். அரசு சட்ட உதவியே தராமல் அந்த இருவரை வாதாட வைத்தது நியாயமான விசாரணை இல்லை என்று 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த இருவர் வாழ்க்கையில் எத்தனை ஆண்டுகள் போயின என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

13. நான் வேலை பார்க்கிற கம்பெனியைப் பத்தியே எழுதலாமா?

இது வேறு வகை ஆபத்து. வாடிக்கையாளருக்குப் போவது பணம், உங்களுக்குப் போவது சம்பளமும் அடுத்த வேலையும். சூசன் ஃபவுலர் 2017 பிப்ரவரியில் ஊபரில் தான் அனுபவித்த பாலியல் தொல்லையையும் மனிதவளத் துறை அதைக் கையாண்ட விதத்தையும் தன் வலைப்பதிவில் எழுதினார். வசவே இல்லாத எழுத்து. விசாரணை நடந்தது, 20 பேருக்கு மேல் வேலையிழந்தார்கள், ஜூனில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அவர் எழுதியபோது அந்த வேலையை விட்டு வந்திருந்தார், மின்னஞ்சல்களைச் சேர்த்து வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே இருந்துகொண்டே எழுதப்போகிறீர்கள் என்றால் உங்கள் ஒப்பந்தத்தையும், முறைகேட்டைச் சொல்கிறவரைக் காக்கும் சட்டம் உங்கள் நாட்டில் உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். அந்தச் சட்டங்களில் பல, ஒழுங்குமுறை அமைப்பிடம் சொன்னவரைக் காக்கும், நேரே பொதுவில் போட்டவரைக் காக்காது. தொழிற்சங்கம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

14. ஊழியரோட பேரையும் போட்டோவையும் போடலாமா? அவர்தானே மோசமா பேசினார்?

போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கவுண்டரில் நிற்பவர் விதியை எழுதவில்லை, அதை மீறினால் வேலை போகும் நிலையில் இருப்பவர். கூட்டம் திரண்டால் கம்பெனி அவரை நீக்கிவிட்டு "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று சொல்லும், விதி அப்படியே இருக்கும். 4ஆம் கேள்வியில் சொன்ன 2017 யுனைடெட் விஷயத்தில் அந்த வாசலில் நின்ற ஊழியரோடு கதை முடிந்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. கோபம் தலைமை நிர்வாகியின் அறிக்கைமேல் திரும்பியதால்தான், இருக்கையை விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தருவோம் என்றும், பாதுகாப்புக் காரணம் இல்லாமல் அமர்ந்தவரை எழுப்பமாட்டோம் என்றும் விதி மாறியது. சம்பவம், நேரம், கிளை போதும், அந்த நபரின் பேரைக் கம்பெனிக்கு மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

சின்னக் கடைகள் விஷயத்திலும் நிதானம் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு ஆயிரம் கண்டனம் ஒரு மோசமான வாரம், சின்னக் கடைக்கு அது முடிவு. போகாத கடைக்கு, ஒரு வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுவது பொய்ச்சாட்சி. யெல்ப் போன்ற விமர்சனத் தளங்கள் செய்தியில் அடிபடும் கடைக்கு விமர்சனம் எழுதுவதையே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அளவுக்கு இது போய்விட்டது.

15. எதிர்ப்பு அந்தத் தளத்துக்கு எதிராவே இருந்தா?

கடினம், ஏனென்றால் மைக் அவர்கள் கையில். 2023 ஜூனில் ரெடிட் என்ற விவாதத் தளம், அதைப் படிக்க மற்றவர்கள் உருவாக்கிய வெளிச் செயலிகளிடம் பெரும் கட்டணம் கேட்டபோது அங்கிருந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் இரண்டு நாள் மூடிக்கிடந்தன. இதுவும் கடந்துபோகும் என்று ஊழியர்களுக்குத் தலைமை நிர்வாகி எழுதியது வெளியே வந்தது, கடந்தும் போனது. அப்போலோ என்ற பிரபலச் செயலி அந்த மாதக் கடைசியில் மூடப்பட்டது. எப்போது முடிப்போம் என்று முன்கூட்டியே நாள் குறித்ததுதான் அந்தப் போராட்டத்தின் பலவீனம், அதுவரை பொறுத்துக்கொண்டால் போதுமே.

2021 தொடக்கத்தில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது மக்கள் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் நகர்ந்தார்கள், பிப்ரவரியில் வரவேண்டிய காலக்கெடு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, கொள்கை வந்துவிட்டது. வென்றதாக நினைத்துக் கவனத்தை எடுத்ததும் திரும்ப வருவது மற்ற கம்பெனிகளிலும் உண்டு. 4ஆம் கேள்வியில் சொன்ன ஸ்டார்பக்ஸ், 2018 சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்காவில் 8,000 கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தது, எதுவும் வாங்காமலும் உள்ளே உட்காரலாம் என்று விதி போட்டது. 2025 ஜனவரியில் அந்த விதியை எடுத்துவிட்டது. ஒரு வெற்றியைப் பதிவு செய்து வைத்தால் அது எப்போது காணாமல் போகிறது என்பதாவது தெரியும்.

16. போட்டேன். யாருமே கண்டுக்கலை. எல்லாம் வீணா?

இல்லை. பெரும்பாலான பதிவுகளுக்கு இதுதான் நடக்கிறது, அதனால் இதை எதிர்பார்த்தே எழுதுங்கள். பரவாத பதிவும் தேடலில் கிடைக்கும். பொருளின் முழுப் பெயர், மாடல் எண், பழுது, திரையில் வந்த பிழைச் செய்தி இவை எழுத்தில் இருக்கட்டும், படத்துக்குள் மட்டும் இருந்தால் தேடுகிறவர் கண்ணில் படாமல் போகும். ஆறு மாதம் கழித்து அதே பழுதோடு தேடும் ஒருவர் உங்களிடம் வருவார், 9ஆம் கேள்வியில் சொன்ன "எனக்கும்" அங்கிருந்துதான் தொடங்கும்.

அதே நாளில் முறையான புகாரையும் கொடுத்துவிடுங்கள்: கம்பெனியின் குறைதீர்ப்பு முகவரி, அப்புறம் துறைக்கான ஒழுங்குமுறை அமைப்பு அல்லது நுகர்வோர் மன்றம், அட்டையில் செலுத்திய பணம் என்றால் அதைத் திரும்பக் கேட்டு வங்கியிடம் மனு. இவை ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. டிஎம்மில் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலை நம்பி வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்து வங்கியின் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் நிறைய. பதிவுக்கு யார் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தத் தேதி நிற்காது, இன்றைக்கே அதைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.